கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' டெஸ்ட் தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. 15 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, பீடியும் பிடிப்பார். தெருமுனை வரை நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. கால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம் என்கிறார் டாக்டர். லேப்பில் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? வைட்டமின் ஈ மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் ஏபிஐ (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும்) பரிசோதனை செய்துவிடுங்கள்.

லேப்காரர்கள் சொல்வதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. பீடிப் புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்தக்குழாயின் உட்சுவரில் சூப்பர்ஆக்ஸைடு போன்ற, தீவிரமாக வினைபுரியும் மூலக்கூறுகளைப் பெருக்குகின்றன; இதுதான் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'. குழாயை விரியவைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடை இவை அழித்துவிடும். இந்தச் சேதத்தின் தடயங்கள்தான் ரத்தத்தில் தெரியும் மாலன்டைஆல்டிஹைடு, ஐசோபுரோஸ்டேன் போன்றவை. கால் அடைப்பு உள்ளவர்களிடம் இவை கூடுதலாக இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் புகைப்பவர், சர்க்கரை உள்ளவர் யாருக்கும் இவை கூடலாம். மாதிரியைச் சரியாகப் பாதுகாக்காவிட்டாலே மாலன்டைஆல்டிஹைடு அளவு மாறும். அடைப்பு எங்கே, எவ்வளவு என்று இந்த எண்கள் சொல்லாது. அதை வைத்து எந்த மருந்தையும் நாங்கள் மாற்றுவதுமில்லை.

ஏபிஐ எளிமையானது, ஊசிகூட இல்லை. அப்பாவைச் சிறிது நேரம் படுக்கவைத்து, கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி, டாப்ளர் கருவியில் ரத்தம் பாயும் ஓசையைக் கேட்டு அழுத்தம் அளப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 90 என்றால் விகிதம் 0.64. 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. நீண்டகாலச் சர்க்கரையில் குழாய் சுண்ணாம்பேறி விறைத்து, விகிதம் 1.4-ஐத் தாண்டிப் பொய்யாகக் காட்டலாம். அப்போது கால் கட்டைவிரலில் அளக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சேதத்தைத் தடுக்கும் என்று நம்பப்பட்ட வைட்டமின் ஈ விஷயம் பெரிய ஆய்வுகளிலேயே முடிவாகிவிட்டது. 2002-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கால் அடைப்பு உள்ளவர்கள் உட்பட 20,536 பேரில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதே ஆய்வில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை நன்றாகவே பலன் தந்தது.

ஆகவே பீடியை அடியோடு நிறுத்தவேண்டும். இதற்கு ஈடான மருந்து கிடையாது. டாக்டர் சொல்லும் ஸ்டாட்டினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரலும் தொடரட்டும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வலி வரும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடக்கச் சொல்லுங்கள்: 30 முதல் 45 நிமிடம், வாரம் 3 நாளாவது, குறைந்தது 12 வாரம். வலிக்காமல் நடக்கும் தூரம் கூடும்.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரை உடனே பாருங்கள். கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டால் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.