பாதி வீடு

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஆர்க்கிடெக்சர் நான்காம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் காரைக்குடி. போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு வளவு வீட்டை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள செட்டிநாட்டுப் பெரிய வீட்டை, அளந்து வரைய எங்கள் வகுப்பு வந்திருந்தது. அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர் என் பூட்டனார். நாங்கள் இன்றும் ஓட்டு வீட்டில்தான் இருக்கிறோம். சமூக சமத்துவத்துக்காக உழைக்கும் ஆர்க்கிடெக்ட்கள் என்று வகுப்பில் பேசுகிறார்கள். அது வெறும் நல்ல மனசுதானா, இல்லை தொழிலிலேயே அதற்கு இடம் இருக்கிறதா?

ம., காரைக்குடி

அன்புள்ள தம்பி,

நல்ல மனசு இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் நான் பார்த்தவரை இது கணக்குப் போடுகிற வேலை.

சிலி நாட்டில் இக்கிகே என்று ஒரு நகரம். அதன் நடுவில் அரை ஹெக்டேர் நிலத்தில் சுமார் நூறு குடும்பங்கள் முப்பது வருடமாகக் குடிசை போட்டிருந்தன. அரசு மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலம், கட்டுமானம் எல்லாம் அதற்குள் முடியவேண்டும். வழக்கமாக என்ன செய்வார்கள்? ஊருக்கு வெளியே மலிவாக நிலம் பார்த்து அனுப்பிவிடுவார்கள். சென்னையில் கூவம் கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அந்த மாதிரி. வீட்டு வேலைக்குப் போனவருக்கு வேலை போச்சு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சு.

அலெஹாண்ட்ரோ அரவேனா என்ற சிலி ஆர்க்கிடெக்ட் இக்கிகே குடும்பங்களை அதே இடத்தில் வைத்தே வீடு கட்டினார். 2004இல் முடிந்தது. அடுக்குமாடி என்றால் உண்ணாவிரதம் இருப்போம் என்று அந்த மக்கள் மிரட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். சரி, நிலத்துக்குப் போக மிஞ்சிய பணம் பாதி வீட்டுக்குத்தான் வரும். எந்தப் பாதி? உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மாடிப்படி, சமையலறை, குளியலறை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்று ஒரு குடும்பம் தானாகச் சரியாகக் கட்டிக்கொள்ள முடியாதவற்றை அவர் கட்டினார். பக்கத்திலேயே வெற்றிடம் விட்டார். காசு சேரச் சேர அவர்கள் அதை அறையாக்கிக்கொண்டார்கள்.

பாதியைக் கொடுத்துவிட்டு அரசு கைகழுவுகிறது என்று திட்டுகிறவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. மீதியைக் கட்ட வழியில்லாதவர் என்ன செய்வார்?

நமக்கு இது புதுசும் இல்லை. 1977இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் தண்ணீர், கழிவுநீர் இணைப்பும் கொடுத்து, வீட்டை அவரவர் கையில் விட்டார்கள். ஆர்க்கிடெக்ட் பாலகிருஷ்ண தோஷி இந்தூரின் அரண்யா குடியிருப்பில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அங்கே வாசலில் ஒட்லாவும் வைத்தார். நம்மூர்த் திண்ணைதான்.

அப்புறம், நீங்கள் அளந்த வளவு வீட்டையே எடுங்களேன். புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஓர் அறை, தனித்தனிச் சமையல். பிள்ளைகள் கல்யாணமாகி வருவார்கள் என்று முன்கூட்டியே யோசித்துக் கட்டியது. பர்மாத் தேக்கை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள், இந்த யோசனையை யாரும் பார்ப்பதில்லை. காசில்லாத இடத்தில் அதே யோசனையைச் செய்யவேண்டும். அது ரொம்பக் கஷ்டம்.

உங்கள் ஓட்டு வீட்டையும் ஒருமுறை அளந்து வரையுங்கள். எந்தச் சார்ப்பு எந்த வருஷம் இறக்கியது, யார் கல்யாணத்துக்கு எந்தச் சுவர் எழுந்தது என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வரைந்ததை அனுப்பினால் பார்க்க எனக்கும் ஆசை.