ஜிம்மில் எத்தனை பேர் ஊசி போடுகிறார்கள்?

கேள்வி: மன்னார்குடியில் ஜிம் நடத்துகிறேன் டாக்டர். 120 பேர் வருகிறார்கள். கழிவறை ஜன்னல் திட்டில் காலி மருந்துக் குப்பிகளும் சிரிஞ்சும் கிடந்தன. கேட்டால் எல்லோரும் ‘புரோட்டீன் பவுடர் மட்டும்தான் மாஸ்டர்’ என்கிறார்கள். உண்மையில் எத்தனை பேர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிறுநீர் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா?

பதில்: முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள் மாஸ்டர். கல்யாணமாகி இரண்டு வருடமாகக் குழந்தையில்லை என்று வந்த ஒரு தம்பி, என்னிடமே மூன்றாவது முறைதான் ஊசி போட்டதைப் பற்றி வாய் திறந்தார். முதுகெல்லாம் பரு, மார்க்காம்புக்கு அடியில் நெல்லிக்காய் அளவு கட்டி. விந்தில் ஓர் அணுகூட இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, அதாவது ஜிம்மில் ஸ்டீராய்டு என்பதை, வெளியிலிருந்து ஏற்றினால், விரைக்குப் போகும் கட்டளையை மூளை நிறுத்திவிடும்.

டெஸ்டை நம்பாதீர்கள். சாதாரண லேப் இவற்றைத் தேடுவதே இல்லை. 2011இல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பரிசோதனையில் சிக்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே வீரர்களிடம் ஆளைக் காட்டிக்கொடுக்காத முறையில் கேட்டபோது, முந்தைய ஓராண்டில் ஊக்கமருந்து எடுத்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 44 என்று கணக்கு வந்தது.

அந்த மாதிரிக் கேள்விமுறையை 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்தார். எளிய வடிவம் நம்ம பூவா தலையாதான். ஒவ்வொருவரும் தனியாகக் காசைச் சுண்டட்டும். பூ விழுந்தால் சீட்டில் ‘ஆமாம்’ என்றே எழுத வேண்டும். தலை விழுந்தால் ‘டாக்டர் சீட்டில்லாமல் இந்த ஒரு வருடத்தில் உடம்பேற்ற ஊசியோ மாத்திரையோ எடுத்தாயா?’ என்பதற்கு உண்மை. பெயர் வேண்டாம். 120 பேரில் சுமார் 60 ‘ஆமாம்’ பூவால் வரும். மொத்தம் 75 வந்தால், மிச்சம் 15 தலை விழுந்த 60 பேருடையது. அதாவது நாலில் ஒருவர். கஞ்சா, போதை மாத்திரை பற்றியும் தெரிய வேண்டுமென்றால் தனிச் சுற்று வையுங்கள். ஒரே கேள்வியில் திணித்தால் குழப்பம்தான். 120 பேரில் பூ விழுவதே 60க்குச் சுமார் பத்து முன்பின்னாகலாம், ஆள் கூடினால்தான் கணக்கு நிலைக்கும், அதனால் திருவாரூர், நீடாமங்கலம் ஜிம்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குப்பிகளின் லேபிளைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் கொண்டுவாருங்கள். மெஃபென்டெர்மின் என்றிருந்தால், அது ஆபரேஷனில் இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற மருந்து. தெம்புக்குப் போட்டால் இதயத்தைத்தான் அடிக்கும். ஒரே சிரிஞ்சை இருவர் போட்டிருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டை நிறுத்த நினைப்பவரைத் தனியாக விடாதீர்கள். சோர்வும் மனச்சோர்வும் பல வாரம் ஆளைப் படுத்தும், அந்த நேரத்தில்தான் மறுபடி ஊசியைத் தேடுவார்கள். என்னிடம் அனுப்புங்கள், திட்ட மாட்டேன்.