‘சர்க்கஸ்’ படத்தின் தாலாட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரிகோரி அலெக்சாந்த்ரோவ் இயக்கிய ‘சர்க்கஸ்’ (1936) என்ற சோவியத் நகைச்சுவைப் படம் பார்த்தேன். கறுப்பினக் குழந்தையைப் பெற்றதற்காக அமெரிக்காவில் துரத்தப்பட்ட வெள்ளைக்காரி மாஸ்கோவில் அடைக்கலம் பெறுகிறாள். குழந்தையின் தந்தை படத்திலேயே இல்லை. குழந்தையும் கைக்குக் கை மாறும் பொம்மைதான். நடனங்கள் ஹாலிவுட் நகல். இன்றைய அளவுகோலில் இதைப் பிரதிநிதித்துவம் என்று சொல்ல முடியுமா?

கே.

அன்புள்ள கே,

தந்தை இல்லாததைக் கவனித்திருக்கிறீர்கள். பலமுறை பார்த்தும் எனக்கு அது உறைத்ததில்லை. ஹாலிவுட் நகல் என்பது பழைய புகார். அலெக்சாந்த்ரோவ் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனோடு அமெரிக்கா போய் வந்தவர். பார்த்ததைச் செய்தார், விடுங்கள்.

‘பொம்மை’ என்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயர் ஜேம்ஸ் பாட்டர்சன். 1932இல் ஒரு படத்தில் நடிக்க அமெரிக்காவிலிருந்து மாஸ்கோ வந்து அங்கேயே தங்கிவிட்ட கறுப்பினத்தவர் லாயிட் பாட்டர்சனின் மகன். வளர்ந்து சோவியத் கடற்படை அதிகாரியானார், பிறகு கவிஞரானார். அளவுகோலைத் தூக்குமுன் இதைத் தேடியிருக்கலாம். சோம்பல்!

அந்தத் தாலாட்டுக்கு வருகிறேன். சில நாட்களாகவே அது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. வில்லன் குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறான், சர்க்கஸ் பார்க்க வந்த கூட்டம் முகம் சுளிக்கும் என்று நினைத்து. கூட்டமோ சிரிக்கிறது. குழந்தை வரிசை வரிசையாகக் கைமாற, உக்ரேனியம், ஜார்ஜியம் என்று ஆளுக்கொரு மொழியில் தாலாட்டுகிறார்கள். யூதர்களின் யித்திஷ் மொழியில் பாடுபவர் சாலமன் மிகோயல்ஸ், மாஸ்கோ அரசு யூத நாடக அரங்கின் தலைவர். 1948 ஜனவரியில் ஸ்டாலினின் ஆணைப்படி மின்ஸ்க் நகரில் அவரைக் கொன்றார்கள். லாரி மோதியதாகச் சொல்லி, அரசு மரியாதையோடு அடக்கமும் செய்தார்கள். மறு ஆண்டு அவருடைய அரங்கை மூடினார்கள். படத்திலிருந்து அவர் பாடிய அடிகளையும் வெட்டினார்கள். ஸ்டாலினுக்குப் பிறகுதான் அவை திரும்ப வந்தன. யோசித்துப் பாருங்கள்: எல்லா இனமும் ஒரே மடி என்று காட்டுவதற்காகவே எடுத்த காட்சி. அதில் ஒரு மடியை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கி, இரு முனைகளையும் ஒட்டிவிட்டார்கள். குழந்தை அடுத்த கைக்குப் போய்விட்டது. தாலாட்டும் நிற்கவில்லை.

நான் இதை முதலில் பார்த்தது கல்லூரி நாட்களில், ஒரு திரைப்படச் சங்கத்தில். சப்டைட்டில் கிடையாது. புரொஜெக்டர் தறி மாதிரி இரைந்துகொண்டிருந்தது. தாலாட்டு தொடங்கியதும் முன் வரிசையில் ஒரு அக்கா, மடியில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த தன் குழந்தையின் முதுகைத் தட்ட ஆரம்பித்தார். திரையில் ஆள் மாற மாற, அவர் கை மட்டும் அதே தாளத்தில். எனக்கு எல்லாமே ரஷ்ய மொழியாகத்தான் கேட்டது. அந்த அக்காவின் வளையல்கூட நினைவிருக்கிறது. மிகோயல்ஸின் குரல் அன்றைய பிரதியில் இருந்ததா என்று எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.