செய்யும் வேலை யாரைப் போய்ச் சேர்கிறது?

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக ஒரே அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளத்தில் குறையில்லை, மேலாளரும் நல்லவர். ஆனாலும் காலையில் கிளம்பும்போது ‘எதற்காக இதெல்லாம்’ என்று தோன்றுகிறது. வேலையில் ஒரு பிடிப்பு வர என்ன செய்யலாம்?

பதில்: செய்த வேலை எங்கே போய்ச் சேர்கிறது என்பது கண்ணில் படாதபோதுதான் இந்தச் சலிப்பு அதிகம் வரும். ஒரு பில்லைச் சரிபார்த்து அனுப்புகிறீர்கள். அது திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதனால் யாரோ ஒருவருக்கு உரிய நாளில் பணம் கிடைத்தது உங்களுக்குத் தெரிவதே இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2007-இல் வெளியான ஆய்வொன்றில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, வாரத்தில் அவர்கள் தொலைபேசியில் பேசிய நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது. செய்த வேலை அதேதான்.

நீங்கள் 14 நாள் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் 5 நிமிடம் போதும். அன்று அதிக நேரம் எடுத்த வேலை எது, அது நடக்காமல் போயிருந்தால் யாருக்குச் சிரமம், முடித்தபோது தெம்பு கூடியதா குறைந்ததா என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். இரண்டாவதில் ‘நிறுவனத்துக்கு’ என்று எழுதினால் பயிற்சி வீண். ஒரு ஆளின் பெயர் வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த பிரிவில் போய் விசாரியுங்கள். இந்தப் பயிற்சியின் உயிரே அந்த விசாரிப்பில்தான் இருக்கிறது.

பதினைந்தாம் நாள், எழுதிய வரிகளைப் பிரித்துப் பாருங்கள். தெம்பு கூட்டிய வேலைகளில் ஒன்றுக்கு வாரம் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். தெம்பைக் குறைத்து, பெயரும் கிடைக்காத வேலை என்றால், இந்த அறிக்கையை இப்போது யாராவது படிக்கிறார்களா என்று மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டவர் மாறிப் போன பின்னும் பழக்கத்தில் தொடரும் அறிக்கைகள் உண்டு. பெயர் இருந்தும் தெம்பு குறைகிறது என்றால் வேலை தேவையானது, செய்யும் விதம்தான் உறுத்துகிறது. நாளெல்லாம் துண்டு துண்டாகச் செய்யாமல் ஒரே நேரத்தில் சேர்த்து முடித்துப் பாருங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செய்யும் வேலை, அதில் பழகும் ஆட்களுடனான உறவு, வேலையைப் பற்றிய பார்வை ஆகிய மூன்றையும் பணியாளரே மாற்றிக்கொள்ள முடியும் என்று ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் எழுதினார்கள். பெரும்பாலோர் பார்வையிலிருந்து தொடங்குகிறார்கள். ‘என் வேலை உன்னதமானது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் இரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். முதலில் உறவு, பிறகு வேலை. பார்வை தானாகப் பின்னால் வரும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதையும் மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

கேள்வி: முழு நேரமும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். செய்ததெல்லாம் மாலைக்குள் கலைந்துவிடுகிறது. நான் எதையுமே செய்யாதது போல ஒரு வெறுமை.

பதில்: அந்த வெறுமை நியாயமானது. ஒரு வேலை மனதுக்கு நிறைவு தர, அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாமே செய்ததாகத் தெரிய வேண்டும். எவ்வளவு நன்றாகச் செய்தோம் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். வீட்டு வேலைக்கு முடிவு கிடையாது, நன்றாக நடந்தால் யாரும் கவனிப்பதும் இல்லை. ஆகவே முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீடு முழுவதையும் இலக்காக வைக்காமல், 20 நிமிடத்தில் முடியும் ஒரு அலமாரி, ஒரு இழுப்பறை என்று எடுங்கள். முடித்ததும் உடனே அடுத்ததற்கு ஓடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

இன்னொன்று, கலையாத ஏதாவது ஒன்றும் வாரத்தில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு மருந்து கொடுக்கிறீர்கள் என்றால் தேதி, வேளை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் கவனிப்பு அந்தத் தாளில் தெரியும், மருத்துவருக்கும் உதவும். வாரம் ஒருமுறை அதைப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள்.

ஆனால் எதிலுமே நாட்டமின்மை, தூக்கம், பசி கெடுதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: தினமும் இரவில் நன்றிக் குறிப்பு எழுதுகிறேன். இப்போது கடமைக்கு எழுதுவதாகிவிட்டது.

பதில்: வாரம் ஒருமுறை போதும். பட்டியல் வேண்டாம், ஒரே நிகழ்ச்சி, அதில் யார் என்ன செய்தார், அவருக்கு அதனால் என்ன சிரமம் என்று ஐந்தாறு வரி எழுதுங்கள்.

கேள்வி: என் வேலை எனக்கு உயிர். அதனாலேயே கூடுதல் வேலை எல்லாம் என் தலையில் விழுகிறது. மறுத்தால் குற்ற உணர்வு வருகிறது.

பதில்: வேலையை உயிராக நினைப்பவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களிடம் இதையே கண்டது: ஆழ்ந்த அர்ப்பணிப்பே அவர்களை அதிக தியாகத்துக்கும் ஆளாக்கியது. நான்கு வாரம், வேலை நேரத்துக்கு அப்பால் செய்த ஒவ்வொன்றையும் மணிக் கணக்கோடு எழுதுங்கள். அந்தத் தாளை மேலாளர் முன் வைத்து, ‘இதில் எதை நான் விட வேண்டும்?’ என்று கேளுங்கள். ‘முடியாது’ என்று சொல்வதைவிட அது உங்களுக்கு எளிது. பதில் சொல்லும் பொறுப்பும் உரியவரிடம் போய்விடும்.