வாசகர் கேள்வி பதில்: கடையில் எந்தப் பை தரலாம்?

கேள்வி: 120 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள கவர் என்றால் தடை இல்லை என்று சொல்லி மொத்த வியாபாரி கொடுத்தார். நகராட்சியில் இருந்து வந்து அதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இது நியாயமா?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: நகராட்சி செய்தது சரிதான். மொத்த வியாபாரி சொன்னது மத்திய அரசின் விதி. 2021 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி கேரி பேக்கின் குறைந்தபட்சத் தடிமன் 30.9.2021 முதல் 75 மைக்ரான், 31.12.2022 முதல் 120 மைக்ரான். தமிழ்நாட்டிலோ 25.6.2018 தேதியிட்ட அரசாணை எண் 84, பிளாஸ்டிக் கேரி பேக்கை எந்த அளவானாலும் எந்தத் தடிமனானாலும் தடை செய்கிறது. 1.1.2019 முதல் அது நடப்பில் இருக்கிறது. இரண்டில் கடுமையானது எதுவோ அதற்குத்தான் கடைக்காரர் கட்டுப்பட வேண்டும்.

அபராதமும் கடையைப் பொறுத்தது. 2019-ல் வகுத்தபடி சிறு வியாபாரிக்கு முதல் தடவை 100, அடுத்து 200, பிறகு 500 ரூபாய். மளிகை, மருந்துக் கடைக்கு 1,000, 2,000, 5,000. ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட்டுக்கு 10,000, 15,000, 25,000. பால், எண்ணெய், மருந்து அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கு உண்டு. அவற்றைப் போட்டுக் கொடுக்கும் கவருக்கு இல்லை.

கேள்வி: துணி மாதிரியே இருக்கும் பையை 'நான் ஓவன்' என்று விற்கிறார்கள். இது துணிப்பைக் கணக்கில் வருமா?
– ஜவுளிக்கடை மேலாளர், ஈரோடு

பதில்: வராது. அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பையின் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி, இடுக்கியால் பிடித்து, திறந்த வெளியில் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். இது சுருங்கி உருகிச் சொட்டும், ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். காடா துணி என்று வாங்குவதில் பாலியஸ்டர் கலந்திருந்தாலும் இதே சோதனையில் தெரிந்துவிடும்.

கேள்வி: 'மக்கும் பை' என்று அச்சடித்து வருவதை நம்பி வாங்கலாமா?
– பழக்கடைக்காரர், கோவை

பதில்: அச்சை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உரமாகும் பைக்கு இங்கே விலக்கு உண்டு என்பதால், அந்தப் பெயரில் சாதாரண பாலித்தீனும் சந்தைக்கு வருகிறது. பையில் 'கம்போஸ்டபிள்' என்ற சொல், தயாரிப்பாளர் பெயர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண் இவ்வளவும் இருக்க வேண்டும். சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள பெயரும் பையிலும் பில்லிலும் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். 'பயோ', 'ஆக்ஸோ', 'இயற்கைக்கு உகந்தது' என்ற சொற்களுக்கு எந்த மதிப்பும் இல்லை.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு விடுங்கள். அச்சு இல்லாத இடத்தில் விரல் நக அளவு வெட்டி, தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளைத் தேய்த்து விட்டு விரலை எடுங்கள். பாலித்தீன் தண்ணீரைவிட லேசானது, மேலே வந்துவிடும். உரமாகும் பை செய்யும் பொருள் கனமானது, அடியில் தங்கும். மிதந்தால் போலி என்று திருப்பி அனுப்புங்கள். ஆனால் மூழ்கியது என்பதற்காக அசல் என்று முடிவு கட்டாதீர்கள். சுண்ணாம்புத் தூள் நிறையக் கலந்த பாலித்தீனும் மூழ்கும்.

அசல் பையிலும் ஒரு சிக்கல். வெயிலும் ஈரமும் பட்டால் சில மாதங்களில் நைந்து கிழியும். ஒரு வருஷத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம். இன்னொன்று, இது சுமார் 58 டிகிரி சூடு நீடிக்கும் உரக்கூடத்தில் மக்குவதற்கென்று செய்தது. சாக்கடையில் விழுந்தால் மற்றக் கவரைப் போலத்தான் அடைத்துக்கொண்டு கிடக்கும்.

கேள்வி: இறைச்சி போட்டுக் கொடுக்க கவருக்கு என்னதான் மாற்று?
– இறைச்சிக் கடைக்காரர், திண்டுக்கல்

பதில்: வாடிக்கையாளர் கொண்டு வரும் தூக்குப் பாத்திரம்தான் முதல் வழி. மூடியைக் கழற்றி வெளியே வைத்து, அடியில் ஈரம் இருந்தால் துடைத்து, தூக்கைத் தராசில் வைத்து 'டேர்' பட்டனை அழுத்துங்கள். திரை சைபர் காட்டுவதை அவரும் பார்க்கட்டும். பிறகு கறியைப் போடுங்கள். தப்பு நடப்பது அடுத்த ஆளிடம்தான். தூக்கை எடுத்ததும் திரையில் கழித்தல் குறியோடு ஓர் எண் நிற்கும். அதை அழிக்காமல் வேறு பாத்திரத்தை வைத்து நிறுத்தால் எடை தவறும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புதிதாக 'டேர்' போடுங்கள். பாத்திரம் கொண்டு வராதவருக்குத் தாமரை இலை, மந்தாரை இலை. செய்தித்தாளில் நேராகச் சுற்றக் கூடாது, மை இறங்கும். பிளாஸ்டிக் பூசிய காகிதமும் வேண்டாம். கப், தட்டு, பை என்று அந்தப் பூச்சோடு வருபவை தடைப் பட்டியலில் இருக்கின்றன.

கேள்வி: துணிப்பைக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். கேட்கலாமா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: முன்கூட்டியே தெரிவித்தால் கேட்கலாம். சாமான் எடுத்து முடித்து, பில் போடும் இடத்தில் வந்து நின்ற பிறகு பைக்கும் காசு என்று சேர்ப்பது முறையற்ற வணிகம் என 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. விலையை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் பையை இலவசமாகத் தாருங்கள் என்று நாங்கள் எந்தக் கடைக்காரருக்கும் சொல்ல மாட்டோம். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய கவரைவிடப் பருவநிலைக்குக் குறைந்த கேடு என்று ஆக, பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பில்லுக்கு ஒரு துணிப்பை கொடுத்தால் அது வீட்டில் மூட்டையாகச் சேரும், அந்தக் கணக்கு நிறைவேறாது. கோயம்பேட்டில் 2022-ல் வைத்த மஞ்சப்பை இயந்திரமும் 10 ரூபாய் போட்டால்தான் பை தந்தது. வாங்கும்போது கைப்பிடியைப் பாருங்கள்: பட்டை பைக்குள் ஒரு அங்குலமாவது இறங்கி, சுற்றிலும் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்குத் தையல் போட்டிருக்க வேண்டும். ஒற்றைத் தையல் என்றால் ஐந்து கிலோ அரிசிக்கே பிய்ந்துவிடும்.