ரைல்ஸ் டியூபில் கஞ்சியும் இளநீரும் ஊற்றலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. இரண்டு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். 58 கிலோ இருந்தவர் இப்போது 46 கிலோ. ரத்தத்திலுள்ள புரதமான அல்புமின் 2.8. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிறார். சத்துப் பவுடரும் இறங்கவில்லை. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டு வீட்டிலேயே உணவு கொடுக்கச் சொல்கிறார்கள். "டியூப் போட்டாலே கடைசிக் கட்டம்" என்று அம்மா அழுகிறார். டியூபில் கஞ்சி, இளநீர் கொடுக்கலாமா?

பதில்: அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். இந்த டியூப் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான். உடம்பு தேறி, வாயால் போதுமான அளவு சாப்பிடத் தொடங்கினால் எடுத்துவிடலாம். டியூப் இருக்கும்போதே, விழுங்குவதில் சிக்கல் இல்லையென்றால், ஆசைப்பட்டதை இரண்டு வாய் சாப்பிடவும் செய்யலாம்.

அப்பா இளைத்ததில் சிகிச்சை தரும் எங்கள் பங்கும் உண்டு. பொட்டாசியம், பாஸ்பரஸ், உப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கச் சொல்லி, கடைசியில் தட்டில் என்ன மிச்சம் என்று கேட்க மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதத்தின் அடிப்படைக் கூறான அமினோ அமிலம் பல கிராம் வெளியேறிவிடுகிறது. அதனால் டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். 46 கிலோவுக்கு நாளுக்குச் சுமார் 55 கிராம் புரதம், 1,400 கலோரி.

கஞ்சியில் இது வராது. அதில் பெரும்பகுதி தண்ணீர். சிறுநீர் குறைந்தவருக்கு அந்தத் தண்ணீரே நுரையீரலில் சேரும். கெட்டியாக வைத்தால் டியூப் அடைத்துக்கொள்ளும். இளநீர் கூடவே கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்றே அடர்த்தியான திரவ உணவு இருக்கிறது, ஒரு மில்லியில் சுமார் 2 கலோரி. முக்கால் லிட்டருக்குள் நாள் கணக்கு முடிந்துவிடும். டியூபைக் கழுவ ஊற்றும் தண்ணீரையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேருங்கள்.

முதல் நாளே முழு அளவு வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் சட்டென்று இறங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். சில நாட்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே படிப்படியாகக் கூட்டுவார்கள். பாஸ்பரஸைக் குறைக்கத் தரும் மாத்திரையின் அளவும் அப்போது மாறலாம்.

கொடுக்கும்போது தலைமாடு நன்றாக உயர்ந்திருக்கட்டும். முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்க விடாதீர்கள். மாத்திரைகளை நீங்களாகப் பொடித்து ஊற்றாதீர்கள், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது.

அப்புறம், டயாலிசிஸ் யூனிட்டில் பலரும் கேட்க மறப்பது டிரை வெயிட், அதாவது உடம்பில் அதிகப்படி தண்ணீர் இல்லாதபோது இருக்கும் எடை. சதை கூடும்போது அதையும் மாற்றிக் குறிக்க வேண்டும். பழைய எண்ணையே வைத்துத் தண்ணீர் எடுத்தால் பிரஷர் விழும், தசை பிடித்து இழுக்கும்.

மூக்கருகே டியூபில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தாலோ, ஊட்டும்போது இருமலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வெளியே வந்த டியூபை நீங்களே திரும்பச் சொருக வேண்டாம்.