கிணத்து நீச்சல் கடலுக்குப் போதுமா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிற்காமல் முடிக்கும் டிரையத்லானைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்குத்தான் இங்கே இடம். ஃபுல் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். ஹாஃப் அதில் சரிபாதி. நான் பயிற்சியாளர் இல்லை, டாக்டரும் இல்லை, கோவையில் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறவன். நாற்பதுக்கு மேல் இதில் இறங்கி மூன்று ஹாஃப், ஒரு ஃபுல் முடித்திருக்கிறேன், ஒன்றைப் பாதியில் விட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

சின்ன வயசிலிருந்து கிணற்றில் நீந்துகிறேன், அறுபதடிக் கிணறு. கோவாவில் நடக்கும் ஹாஃப் போட்டிக்குப் பேர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சைக்கிளும் ஓட்டமும் பழகினால் போதும்தானே, நீச்சலுக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?
– விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

வேணுங்க, கண்டிப்பாக வேணும். நானும் இதையே சொன்னவன்தான், அதுவும் உங்களை மாதிரிக் கேள்வியாக இல்லை, தெனாவட்டாக. ஏழு வயதில் எங்க அப்பாரு இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார், பத்து வயதில் மோட்டார் ரூம் மேலேறிக் குதித்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவன் நாற்பத்தொரு வயதில் 25 மீட்டர் பூலில் இறங்கி, மூன்றாவது தடவை திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி இளைத்தேன். பக்கத்து லேனில் எட்டு வயதுப் பாப்பா ஒன்று நிற்காமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

கிணற்றில் பத்துக் கை போட்டால் படி வந்துவிடும். படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நாயம் பேசிவிட்டு மறுபடி குதிப்போம், அதைத்தான் நாள் முழுக்க நீந்தினோம் என்று சொல்லிக்கொள்கிறோம். அப்புறம் நாமெல்லாம் தலையைத் தூக்கியே நீந்திப் பழகியவர்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், அந்தக் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும், ஐம்பது மீட்டரில் கை ஓய்ந்துவிடும். மூச்சு விஷயம் இதைவிட மோசம். நாம் தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைப்போம், தலையை வெளியே எடுத்ததும் விடவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும், இரண்டுக்கும் நேரம் இருக்காது. முகம் உள்ளே இருக்கும்போதே குமிழ் குமிழாக விட்டுவிட்டால், பக்கவாட்டில் திரும்பும்போது இழுக்கிற வேலை மட்டும்தான். எழுதிவிட்டேன், படிக்கச் சுலபமாக இருக்கிறது, எனக்கு இது பிடிபட ஆறு வாரம் ஆனது. பிடிபட்ட அன்று 400 மீட்டர் நிற்காமல் போய்விட்டு, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்து, பூல் வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஹாஃபில் 1.9 கிலோமீட்டர் நீச்சலை முடிக்கப் பொதுவாக 1 மணி 10 நிமிடம் கொடுப்பார்கள். 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 நொடி என்று வருகிறது. இது வேகமே இல்லை, ஆனால் அதே கதியில் பத்தொன்பது தடவை போக வேண்டும். கோவா ஹாஃப் 2019-ல் தொடங்கியது, நீச்சல் மிராமர் கடற்கரையில். பூலில் அடியில் கோடு இருக்கும், கடலில் என்ன இருக்கிறது? எட்டுப் பத்துக் கை வீச்சுக்கு ஒரு தடவை முதலை மாதிரிக் கண்ணை மட்டும் வெளியே எடுத்து, வழி காட்டப் போட்டிருக்கும் மிதவையைப் பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டு போனேன். படகிலிருந்தவர் விசில் அடித்துத் திருப்பிவிட்டபோது என்னைச் சுற்றி ஒரு தலைகூட இல்லை.

பூல் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்காலிலோ கீழ்பவானி வாய்க்காலிலோ இறங்கிப் பழக மட்டும் வேண்டாம். நன்றாக நீந்தத் தெரிந்தவனையே இழுத்துக்கொண்டு போகும் ஓட்டம் அது, சரிவான கரையில் பாசி, பிடித்து ஏறக் கையில் ஒன்றும் சிக்காது. உங்கள் கிணறே ஆனாலும் தனியாக இறங்காதீர்கள்.

மூன்று லட்சம் ரூபாய் சைக்கிள் இல்லாமல் இதில் இறங்க முடியாது என்கிறார் நண்பர். உண்மையா?
– பனியன் கம்பெனி மேஸ்திரி, திருப்பூர்

உங்கள் நண்பர் சைக்கிள் கடை வைத்திருக்கிறாரா? முதல் போட்டிக்கு பிரேக் பிடிக்கிற, உங்கள் உயரத்துக்குச் சரியான ஒரு ரோடு சைக்கிள் போதும், பழையதாகவே இருக்கட்டும். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் நல்ல ஹெல்மெட், நல்ல டயர், தெரிந்தவரை வைத்து சீட் உயரத்தைச் சரிசெய்வது, இந்த மூன்றுக்கும் செய்யுங்கள். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள், அன்றைக்கு நீங்களேதான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்டவே முடிவதில்லை. காற்றுக்கு எதிரே மிதித்தால் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஐப்பசி வரை பயிற்சியை நிறுத்திவிடலாமா?
– தென்னை விவசாயி, உடுமலைப்பேட்டை

நிறுத்துவதா? காசு கொடுத்தாலும் கிடைக்காததை வாசலில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று குழாயில் வருகிற தண்ணீர் மாதிரி நம் பக்கம் பாய்கிறது, உங்கள் ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலை நிற்பதும் அதனால்தான். அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஸ்பீடாமீட்டர் பார்க்கிற கெட்ட பழக்கம் பறந்துவிடும்.

காற்றோடு சண்டை போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. நேற்று 28-ல் போனேன், இன்றைக்கும் 28-ல் போக வேண்டும் என்று மிதித்தால் இருபது கிலோமீட்டரில் தொடை கல்லாகிவிடும். கியரை இறக்கி, பெடல் ஒரு நிமிடத்துக்கு எண்பது எண்பத்தைந்து சுற்று சுற்றுகிற மாதிரி வைத்துக்கொண்டு, மூச்சு எந்த அளவில் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். 18 காட்டினால் 18. போகும்போது மேற்கே போய்த் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்குங்கள், மாற்றிச் செய்தால் வீட்டுக்கு வர மத்தியானம் ஆகும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். பக்கத்தில் லாரி கடக்கும்போது ஒரு நொடி காற்று நின்று மறுபடி அடிக்கும், அந்த நேரத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் கெட்டியாகப் பிடிக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓட்டினால்தான் தெரியும். நண்பர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓட்டுகிற பழக்கமும் வேண்டாம். நீண்ட தூரப் போட்டிகளில் முன்னால் போகிறவரிடமிருந்து பொதுவாக 12 மீட்டர் தள்ளித்தான் வர வேண்டும், ஒட்டிக்கொண்டு போனால் தண்டனை உண்டு.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிட்டேன், எனக்குக் கால் பலம் போதும் என்று போன மாதம் ஒரு தம்பி எழுதியிருந்தான். ஏறலாம் சாமி, நல்லதுதான். ஆனால் சமவெளியில் குனிந்த முதுகோடு மூன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து மிதிப்பது வேறு நோவு, அது கழுத்திலும் இடுப்பிலும் வரும். மலை அதைப் பழக்கிக் கொடுக்காது.

தினமும் எத்தனை முட்டை சாப்பிட வேண்டும்?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

நாமக்கல்லிலிருந்து வேறு என்ன கேள்வி வரும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, தசை ஆறுவதற்கு நல்லது, இரண்டோ மூன்றோ சாப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஆறேழு மணி நேரம் உடம்பை ஓட்டுவது முட்டை இல்லை, மாவுச்சத்துதான். சைக்கிளில் இருக்கும்போது மணிக்கு 60 கிராம் அளவுக்காவது உள்ளே போக வேண்டும், பழகியவர்கள் 90 வரை போவார்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் போல இருக்கும், நம்ம கதலியில் குறைவு. இந்தக் கணக்கில் பார்த்தால் மணிக்கு நாலைந்து கதலி, யாரால் முடியும்? அதனால்தான் ஜெல்லும் (பாக்கெட்டிலிருந்து பிழிந்து சாப்பிடுகிற இனிப்புக் கூழ்) சர்க்கரைத் தண்ணீரும். நான் ஒரு பாட்டிலில் நாட்டுச்சர்க்கரை, எலுமிச்சை, உப்பு கலந்து, கால் மணிக்கு ஒரு தடவை பசிக்கிறதோ இல்லையோ இரண்டு வாய் குடித்துவிடுவேன்.

இதையும் போட்டிக்கு முன்பே பழக்க வேண்டும், வயிற்றுக்கும் பயிற்சி உண்டு. நான் பாதியில் விட்டேன் என்றேனே, கால் விட்டதில்லை அது. போட்டிக்கு முந்தின நாள் சும்மா கிடைத்த புது ஜெல்லை மூன்று தடவை பிழிந்து வாயில் போட்டேன். ஓட்டத்தில் 14-வது கிலோமீட்டரில் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. தண்ணீர் கொடுக்க வந்த பையன், "அண்ணா, உட்காருங்க" என்றான். உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை.

முந்தின நாள் மத்தியானமே நிறையச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்கு அரிசிம்பருப்பு சோறு, கொஞ்சம் நெய், அவ்வளவுதான். கொள்ளு அன்றைக்கு மட்டும் வேண்டாமே. வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலை சுற்றி விழுந்தவர்கள் உண்டு. தாகத்துக்குக் குடியுங்கள், உப்போடு குடியுங்கள்.

வயது 52. இரண்டு வருடமாக நடக்கிறேன், கொஞ்சம் ஓடவும் ஆரம்பித்திருக்கிறேன். இந்த வயதில் இதை நினைப்பதே பைத்தியக்காரத்தனமா? சேலையில் பார்த்த டீச்சரை டிராக் பேண்டில் பார்த்தால் ஊரில் வேறு பேசுகிறார்கள்.
– அரசுப் பள்ளி ஆசிரியை, கோபி

மடோனா படர் என்று அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரி, முதல் டிரையத்லானை முடித்தது உங்கள் வயதில்தான், 52-ல். ஃபுல் தூரம் 55-ல். 2012-ல் கனடாவில் ஃபுல் முடித்தபோது 82. அதனால் வயதை விடுங்கள் டீச்சர். முதலில் டாக்டரைப் பார்த்து ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் எல்லாம் பார்த்துவிடுங்கள், டிரெட்மில் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் சலித்துக்கொள்ளாமல் செய்துகொள்ளுங்கள்.

ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் உங்கள் வேகம். நடப்பவர் தாண்டிப் போனால் போகட்டும். வாரத்தில் முக்கால்வாசிப் பயிற்சி இந்த வேகத்தில்தான் இருக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை, தினமும் நாக்குத் தள்ள ஓடி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டு இரண்டு மாதம் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று எழுதவில்லை, தெரியாதென்றால் அதற்கே ஒரு வருடம் கொடுங்கள், அவசரமில்லை. ஊர் பேசுவதைப் பற்றி நான் என்ன சொல்ல, நான் ஆம்பளை, என்னைப் பார்த்து நாய் மட்டும்தான் குரைத்தது. இன்னும் இரண்டு டீச்சர்களைச் சேர்த்துக்கொண்டு காலையில் பள்ளி மைதானத்திலேயே ஓடினால் நாய்த் தொல்லையாவது இருக்காது.

என் வீட்டுக்காரர் ஃபுல் போட்டிக்குத் தயாராகிறார். காலை நாலு மணிக்கு அலாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை ஆளைக் காணோம், வந்ததும் தூக்கம். இதெல்லாம் தேவைதானா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

ஃபுல் தூரத்துக்கு வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது தேவை அம்மணி, கடைசி இரண்டு மாதம் இன்னும் கூடும். அதில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் வீட்டிலிருந்துதான் போகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும், எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

என் தங்கச்சி பையனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். முகூர்த்தம் ஒன்பதரைக்கு, அதற்குள் ஒரு எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நாலரைக்குக் கிளம்பினேன். அவிநாசி தாண்டி இரண்டாவது பஞ்சர், கையில் ஒரு ட்யூப்தான். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். ஆசாரி கடுக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், குழந்தை அழுது தூங்கிவிட்டது, மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கறை படிந்த சைக்கிள் ட்ரவுசர் மேல் மச்சானுடைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லை, ஆறு மாதம் என்னோடு பேசவும் இல்லை.

அதற்குப் பிறகு மாதம் பிறந்ததும் காலண்டரில் முதலில் வீட்டு விசேஷங்களை என் மனைவி எழுதுவார், மிச்சமிருக்கும் கட்டத்தில்தான் நான் எழுதுவேன். நீங்களும் பேனாவை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். நீளமான சைக்கிள் பயிற்சியில் ஒன்றிரண்டை வார நாளில் வீட்டுக்குள்ளேயே ட்ரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ஸ்டாண்ட்) போட்டு ஓட்டச் சொல்லலாம், கொட கொடவென்று சத்தம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த புண்ணியவான் யார்?
– பஸ் பாடி கட்டுபவர், கரூர்

மூன்றையும் சேர்த்த சின்னப் போட்டிகள் முன்பே உண்டு, ஃபுல் தூரத்தைச் சேர்த்த புண்ணியவான் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா, யாருக்கு உடம்புத் தெம்பு அதிகம் என்று ஒரு வாக்குவாதம், அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளின் தூரத்தையும் ஒட்டவைத்துவிட்டார். 1978 பிப்ரவரியில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடினால் கால் என்னுடையது மாதிரியே இல்லை. ஏதாவது கோளாறா?
– கூரியர் ஊழியர், பல்லடம்

கோளாறு இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான், மரக்கட்டையை மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். வாரம் ஒரு நாள் சைக்கிள் முடிந்த உடனே ஷூ மாற்றிக்கொண்டு பதினைந்து நிமிடம் ஓடுங்கள், முதல் ஐந்து நிமிடம் அடியைச் சின்னதாக வைத்து. வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் போகாதீர்கள், சோபாவைப் பார்த்தால் முடிந்தது.